இராயப்பர் வீட்டுத் தெரு

இயேசுவின் தலைமைச் சீடர், அந்த மீனவர், அம்மாவுக்குப் பேதுரு அல்ல, இராயப்பர். பவுலும் அப்படித்தான், சின்னப்பர். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் ஞானோபதேசம் படித்தவர். கோயிலில் பெயர்கள் மாறிப் பல காலம் ஆகியும் அவர் மாறவில்லை. குடும்பத்தோடு ரோமுக்குப் போவது என்று முடிவானதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இராயப்பரை எங்கே அடக்கியிருக்கிறார்களோ அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு ஐயா. மற்றதெல்லாம் நீங்கள் பாருங்கள்."

இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். சென்னையில் சாந்தோம் பேராலயத்தில் தோமையார் கல்லறையைப் பார்க்க வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கினால் போதும். ரோமிலும் அப்படி ஏதோ ஒரு படிக்கட்டு இருக்கும், இறங்கிவிடலாம் என்பதுதான் என் திட்டம். திட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது.

முதல் தவறை முதல் வாரத்திலேயே செய்துவிட்டேன். வத்திக்கானின் நிலத்தடிக் கல்லறைகளைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு சுற்றுலா இணையதளம் டிக்கெட் விற்றது. நான்கு பேருக்குப் பணம் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போனேன். தூக்கம் வராமல் மறுபடி எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தால், அவர்கள் கூட்டிப்போவது குரோட்டோ எனப்படும் நிலவறைக்கு மட்டும். திருத்தந்தையர் பலருடைய கல்லறைகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் மேலே இருக்கும் புனித பேதுரு பேராலயத்துக்குள் போகிற யாரும் கட்டணமில்லாமல் அங்கே இறங்கிப் பார்க்கலாம். கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

அதனால் இதை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன்: வத்திக்கானில் 'நிலத்தடி' என்றால் ஒன்றல்ல. இன்றைய பேராலயத்தின் தரைக்கும், 4ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டிய பழைய பேராலயத்தின் தரைக்கும் இடைப்பட்ட வெளிதான் குரோட்டோ. அதற்கும் கீழே, கான்ஸ்டன்டைன் மண் போட்டு மூடிய ரோமானியக் கல்லறைத் தெரு ஒன்று இருக்கிறது. அதைத்தான் 'ஸ்காவி' என்கிறார்கள். இத்தாலிய மொழியில் அகழாய்வு என்று பொருள். போதாக்குறைக்கு, அருங்காட்சியகங்கள் இருக்கும் பக்கத்தில் வியா திரியும்பாலிஸ் என்ற பழைய சாலையோரம் வேறொரு கல்லறைத் தோட்டம் உண்டு. அதன் ஒரு பெரும் பகுதி 2003இல் கார் நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டது. அம்மா கேட்டது இரண்டாவது.

அந்த இரண்டாவதுக்குப் படியிறங்கிப் போக முடியாது, விண்ணப்பிக்க வேண்டும். பேராலயத்தைப் பராமரிக்கும் நிர்வாகத்தின்கீழ் ஸ்காவி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. எத்தனை பேர், பெயர்கள் என்ன, எந்த மொழியில் விளக்கம் வேண்டும், ரோமில் எந்தெந்த நாட்களில் இருப்பீர்கள் என்று கேட்கிறார்கள். நாளையும் நேரத்தையும் அவர்களே முடிவு செய்து சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள், அதுவும் பன்னிரண்டு பேர் அளவிலான சிறு குழுக்களாக. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அம்மாவுக்கு நவம்பர்தான் வேண்டும், அது இறந்தோருக்கான மாதம். கல்லறைத் திருநாளை ஊரில் அப்பாவின் கல்லறையில் முடித்துவிட்டு மறுநாள் விமானம் ஏறலாம் என்று கணக்குப் போட்டார். ஜூன் மாதமே எழுதிப் போட்டேன்.

குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அரை மணி நேரம் போயிற்று. அம்மாவின் பாஸ்போர்ட்டில் இருப்பது ஒரே ஒரு பெயர். அதைப் பாதியாக உடைக்கவும் முடியாது, கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது. கடைசியில் அதையே இரண்டு முறை எழுதினேன்.

அடுத்த அடி மகளுக்கு விழுந்தது. பதினைந்து வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. அவளுக்கு ஜனவரியில்தான் பதினைந்து. "இரண்டு மாதம்தான் குறைகிறது என்று இராயப்பரிடம் சொல்லிப் பாருங்கள் பாட்டி" என்றாள். சொல்லிப் பயனில்லை, விதி விதிதான். அவளுக்குத் துணையாக என் மனைவி மேலே இருப்பது என்று ஆயிற்று. நெரிசலும் இருட்டும் தனக்கு ஆகாது என்று அவள் முன்பே தப்பிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

மீதி நானும் அம்மாவும். அம்மாவுக்கு 68 வயது, வலது முழங்கால் சரியில்லை. உள்ளே ஒடுக்கமான வழி, படிகள், ஏற்ற இறக்கம், ஒன்றரை மணி நேர நடை, உட்கார இடம் கிடையாது. ஈரக்கசிவும் புழுக்கமும் அதிகம், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் யோசித்து வரவும் என்று எச்சரித்திருந்தார்கள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "புழுக்கமா? நான் எங்கே பிறந்தேன் என்று நினைத்தாய்?" என்றார். ஆனாலும் மறுநாளிலிருந்து மாலையில் மொட்டை மாடிக்கு நான்கு முறை ஏறி இறங்க ஆரம்பித்தார்.

பதில் வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்திலும் அதற்குப் பிறகும் நான் படித்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் லாபம். கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்களான எனக்கு, இராயப்பரின் எலும்பு உண்மையா பொய்யா என்பதுதான் ஒரே கேள்வியாக இருந்தது. படிக்கப் படிக்க அந்தக் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

1939 பிப்ரவரியில் திருத்தந்தை பதினோராம் பயஸ் காலமானார். அவருக்குக் குரோட்டோவில் இடம் ஒழுங்குபடுத்தத் தோண்டியபோது, அடுத்து வந்த பன்னிரண்டாம் பயஸ், அந்த நிலவறையின் தரையையே தாழ்த்தி நல்ல மண்டபமாக்கச் சொன்னார். வேலையாட்கள் கீழே போகப் போக, கூரை இல்லாத செங்கல் அறைகள் தென்பட்டன. சுவரில் ஓவியம், தரையில் பளிங்கு, மாடங்களில் சாம்பல் கலசம். வெளியே உலகப் போர். உள்ளே பத்தாண்டுக் காலம் சத்தமில்லாமல் தோண்டினார்கள். ஃபெர்ருவா, கிர்ஷ்பவும், யோசி, அப்போலோனி கெத்தி என்று நான்கு அறிஞர்கள். அவர்களுக்கு மேலே நிர்வாகியாக லுட்விக் காஸ். இவர் ஜெர்மனியில் மத்தியக் கட்சியின் தலைவராக இருந்த குருவானவர், தொல்லியல் படித்தவர் அல்ல. நால்வருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அந்த ஒவ்வாமையிலிருந்துதான் எல்லாக் குழப்பமும் பிறந்தது. அறிஞர்கள் வீட்டுக்குப் போனபின், மாலை வேளைகளில் காஸ் தன் மேஸ்திரியோடு உள்ளே வந்து பார்ப்பார். எலும்பு ஏதும் கவனிப்பாரற்றுக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. எடுத்துப் பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்திவிடுவார். பேதுருவின் நினைவிடத்தை ஒட்டி, பக்தர்கள் பெயர்களைக் கிறுக்கிய சுவர் ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே பளிங்கு பதித்த ஒரு பொந்து. அதில் கிடந்தவற்றையும் அப்படியே அள்ளி ஒரு மரப்பெட்டியில் வைத்துவிட்டார். தோண்டியவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் பிறகு பார்த்தபோது பொந்து ஏறக்குறைய காலி.

1950 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு பன்னிரண்டாம் பயஸ் வானொலியில் பேசினார். பேதுருவின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது என்றார். எலும்புகள் அவருடையவைதாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். 1952இல் காஸ் இறந்தார். பெட்டி ஒரு மூலையில் கிடந்தது. மார்கெரீத்தா குவார்துச்சி என்ற கல்வெட்டியல் பேராசிரியை அந்தக் கிறுக்கல் சுவரைப் படிக்க வந்தவர். இந்தப் பொந்தில் என்னதான் இருந்தது என்று அவர் மேஸ்திரியைக் கேட்கப் போக, மேஸ்திரி நேரே பெட்டியிடம் கூட்டிப்போய் நிறுத்தினார். ஒரு பேராசிரியையும் ஒரு மேஸ்திரியும் பேசிக்கொண்டிராவிட்டால் அந்தப் பெட்டி என்னவாகியிருக்குமோ.

உள்ளே இருந்தவற்றை வெனெராந்தோ கொர்ரெந்தி என்ற மானிடவியலாளர் ஆராய்ந்தார். 60க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதுள்ள, கட்டுமஸ்தான ஆண் ஒருவரின் எலும்புகள். பொன் இழையோடிய ஊதாத் துணியின் நூல்கள். கொஞ்சம் விலங்கு எலும்புகள், ஒரு சுண்டெலியின் எலும்புக்கூடு. 1968 ஜூன் 26 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் (அம்மா கணக்கில் ஆறாம் சின்னப்பர்) இவை பேதுருவின் எலும்புகள் என்று ஏற்கத்தக்க விதத்தில் அடையாளம் காணப்பட்டிருப்பதாக அறிவித்தார். தோண்டிய நால்வரில் ஒருவரான ஃபெர்ருவா கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. தோண்டியபோது கிடைத்த உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு காரைத் துண்டில் கிரேக்க எழுத்துகள் சில இருக்கின்றன. 'பேதுரு இங்கே இருக்கிறார்' என்று படித்தார் குவார்துச்சி. எழுத்து பாதியில் உடைந்திருக்கிறது, அது 'சமாதானத்தில்' என்று முடிந்திருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். ஓரிரு எழுத்தில் ஊசலாடுகிறது விஷயம்.

என்னைக் கேட்டால் எலும்பைவிட இடம் பெரிய சாட்சி. கான்ஸ்டன்டைனுக்குச் சமதரைக்கா பஞ்சம்? அவர் ஒரு குன்றுச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். வடக்கே மலையை வெட்டினார், தெற்கே மண்ணைக் கொட்டி நிரப்பினார், நடுவில் உயிரோடிருந்த ஒரு கல்லறைத் தெருவின் கூரைகளை உடைத்து மூடினார். 'உயிரோடிருந்த' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அங்கிருந்த ஒரு சாம்பல் கலசத்தில் 317க்கும் 320க்கும் இடையில் அச்சான நாணயம் கிடைத்திருக்கிறது. ரோமானியர்களுக்குக் கல்லறையைத் தொடுவது பெருங்குற்றம். எத்தனை குடும்பங்கள் சபித்திருக்கும்! இத்தனையும் குறிப்பிட்ட ஓர் இடத்தின் மேல் கட்டடம் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக. 4ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை என்பது வரைக்கும் நான் நம்புகிறேன்.

நவம்பர் 6, காலை 10.45 என்று சீட்டு வந்தது. தோளும் முழங்காலும் மூடிய உடை, பெரிய பைகள் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அம்மா பட்டுச் சேலை கட்டுவேன் என்றார். படிக்கட்டில் தடுக்கும் என்று மன்றாடி நூல் சேலைக்குச் சம்மதிக்க வைத்தேன். பேராலயத்துக்குள் போகும் நீண்ட வரிசையில் போய் நின்றுவிடாதீர்கள், அது வேறு. சதுக்கத்தின் இடப்பக்கத் தூண் வரிசையைத் தாண்டி, சுவிஸ் காவலரிடம் சீட்டைக் காட்டினால் உள்ளே விடுகிறார்கள். சோதனைக்கு நேரம் வைத்துப் போக வேண்டும்.

அலுவலகத்துக்கு வெளியே ஒரு சிறு முற்றம். தரையில் ஒரு கல் பதித்திருக்கிறது, பலரும் மிதித்துக்கொண்டு போகிறார்கள். இன்று சதுக்கத்தின் நடுவில் நிற்கும் எகிப்தியக் கல்தூண் 1586 வரை நின்ற இடம் அதுதான். அதைப் பேரரசன் கலிகுலா எகிப்திலிருந்து கொண்டுவந்து தன் பந்தயத் திடலில் நிறுத்தினான். பிறகு நீரோவின் காலத்தில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டது அந்தத் திடலில். பேதுரு கடைசியாகப் பார்த்தவற்றில் அந்தத் தூணும் ஒன்றாக இருக்கலாம் என்பார்கள். அந்தக் கனத்த தூணை ஏற்றிவந்த கப்பலைக் கிளாடியுஸ் பேரரசன் துறைமுகம் கட்டுவதற்காகக் கடலில் மூழ்கடித்து அதன்மேல் அஸ்திவாரம் போட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். "நல்ல கப்பலையா?" என்றார். கடற்கரைக்காரர்களின் கவலை வேறு.

கண்ணாடிக் கதவு விலகி, எங்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. வெப்பமும் ஈரமும் முகத்தில் வந்து ஒட்டின. ஆய்வு மாணவி ஒருவர் வழிகாட்டி. சில அடி இறங்கியதும் தெரு. கூரைக்குப் பதிலாக மேலே பேராலயத்தின் அடித்தளம். மற்றபடி அது தெருவேதான்: இருபுறமும் வாசல் வைத்த செங்கல் வீடுகள், வாசல்மேல் பளிங்குப் பலகையில் வீட்டுக்காரர் பெயர், கையகல ஜன்னல். செங்கலை அடுக்கியிருக்கும் நேர்த்தியைப் பார்க்க வேண்டும். இடையில் இருக்கும் சாந்து நூல் பிடித்ததுபோல் ஓடுகிறது. மொத்தம் 22 கல்லறை வீடுகள். பெரும்பாலும் 2ஆம், 3ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்கள் சந்ததியும் கட்டியவை. உழைத்துச் சம்பாதித்துச் சொந்த வீடு கட்டியவர்களின் பெருமை ஒவ்வொரு வாசலிலும் தெரிகிறது. பொப்பிலியுஸ் ஹெராக்லா என்பவர், வத்திக்கானில் பந்தயத் திடல் பக்கத்தில், இன்னார் கல்லறைக்கு அருகில் தனக்குக் கல்லறை கட்ட வேண்டும், செலவு ஆறாயிரம் செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) என்று உயிலில் எழுதியதை அப்படியே வாசலில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வாரிசுகள் கணக்குக் காட்டுகிறார்கள்!

இருப்பதிலேயே பெரியது வலேரியுஸ் ஹெர்மாவின் வீடு. சுவரெல்லாம் வெள்ளைச் சுதைச் சிற்பங்கள். அவரும் ஓர் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். மனைவி பெயர் ஒலிம்பியாஸ். மகள் பன்னிரண்டு வயதில், மகன் நான்கு வயதில் இறந்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி, எல்லாவற்றிலும் சிறிய அறை ஒன்று. அதன் கூரையில் பொன் மஞ்சள் மொசைக், சுற்றிலும் திராட்சைக் கொடி, நடுவில் தேரேறி வரும் சூரியனாகக் கிறிஸ்து. 1574இல் மேலே தரை வேலை செய்தபோது தற்செயலாக ஓட்டை விழுந்து முதலில் எட்டிப் பார்த்த அறை இதுதான். அங்கே கிடந்த ஒரு குழந்தையின் கல்வெட்டை அப்போது படியெடுத்து வைத்தார்கள்: ஒரு வருடம், ஒன்பது மாதம், இருபத்தேழு நாள் வாழ்ந்தது. நாள் வரைக்கும் எண்ணி வைத்திருக்கிறார்கள் என்று நான் மொழிபெயர்த்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரப்பதத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

வழிகாட்டி சவப்பெட்டிகளில் இருந்த துளைகளைக் காட்டினார். உறவினர்கள் நினைவு நாளில் கூடி, இறந்தவருக்கும் சேர்த்துச் சமைத்து, குழாய் வழியே திராட்சை ரசத்தை உள்ளே ஊற்றுவார்களாம். "படையல்" என்றார் அம்மா, எந்த வியப்பும் இல்லாமல்.

அப்படியே நடந்து, வழி ஒடுங்கி, ஒரு திருப்பத்தில் எல்லோரும் ஒருவர் தோள்மேல் ஒருவராக எட்டிப் பார்க்கும் இடம் வருகிறது. அதற்கு நேர் மேலே குரோட்டோ, அதற்கு மேலே 1594இல் திருத்தந்தை எட்டாம் கிளமெந்து வைத்த பீடம், பெர்னினியின் வெண்கல விதானம், மிக்கேலாஞ்சலோவின் குவிமாடம். கீழே, இவ்வளவுக்கும் காரணமான இடத்தில், சிவப்புச் சாந்து பூசிய ஒரு சுவரின் துண்டு. அதை ஒட்டி மெல்லிய பளிங்குத் தூண் ஒன்று. 160 வாக்கில் கட்டிய சின்ன நினைவிடத்தின் மிச்சம். பக்கத்து வடிகாலின் ஓடுகளில் இருந்த முத்திரையை வைத்து ஆண்டைக் கணித்தார்கள். பேதுரு இறந்து நூறாண்டு வரைக்கும் அங்கே வெறும் மண்குழி மட்டும் இருந்திருக்கிறது. பணக்கார அண்டை வீட்டாருக்கு நடுவே ஓர் ஏழையின் இடம். கிறுக்கல் சுவரின் பொந்துக்குள், வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் கண்ணாடிபோன்ற பெட்டிகள். அவற்றினுள் வெளிறிய துண்டுகள். ஆளுக்கு அரை நிமிடம்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அறுபது வயதுக்கு மேற்பட்ட கட்டுமஸ்தான ஆளின் எலும்புகள் என்று காதில் சொன்னேன். "வலை இழுத்த உடம்பு வேறெப்படி இருக்கும்?" என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான், நகர்ந்துவிட்டார். ஆறு மாதத் தயாரிப்பு, மாடிப்படிப் பயிற்சி, எல்லாம் இந்த அரை நிமிடத்துக்கா என்று எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

மேலே வந்ததும் மகள் ஓடிவந்து, "பார்த்தீர்களா பாட்டி, எப்படி இருந்தது?" என்றாள். அம்மா இராயப்பரைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். பிறகு வலேரியுஸின் பிள்ளைகள், அந்தக் குழந்தையின் ஒன்பது மாதம் இருபத்தேழு நாள், படையல் என்று தெருக் கதையை ஆரம்பித்தவர், சாப்பாட்டுக் கடை வரைக்கும் நிறுத்தவில்லை.

திரும்பி வரும் விமானத்தில், உறங்குகிறார் என்று நினைத்திருந்தபோது கேட்டார்: "அந்தப் பெண் ஒரு கல்வெட்டு சொன்னாளே, சிரிப்புக்காரர் ஒருவர், அது என்ன?"

ஃப்ளாவியுஸ் ஒலிம்பியுஸ் என்பவரின் கல்வெட்டு. எல்லோரோடும் வேடிக்கை பேசினார், யாரோடும் சண்டை போட்டதில்லை என்று எழுதியிருந்தது. அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. கல் வைத்தாயிற்று, பெயரும் தேதியும் பொறித்தாயிற்று. அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டு, எந்த வசனமும் பொருந்தவில்லை என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்பா சண்டை போடுவாரே அம்மா" என்றேன்.

"அது வீட்டுக்குள். கல்லில் எதற்கு அதெல்லாம்?" என்று சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.